தன் செத்தவீட்டுக்குக் கதிரை போட்டவர்

திரையில் நல்லதம்பி அண்ணன் ஓடிக்கொண்டிருந்தார். இரண்டு கக்கத்திலும் பிளாஸ்ரிக் கதிரைகள், தலையில் கவிழ்த்தபடி இன்னொன்று. வெள்ளைக்கொடி கட்டின குறுகல் ஒழுங்கை. கறுப்பு வெள்ளை, சத்தம் இல்லை. பழைய ஊமைப்படங்களில் ஓடுகிறமாதிரிக் கொஞ்சம் வேகம் கூட்டியிருந்தேன்.

வாசல் படலையடியில் தன்னுடைய முகம் போட்ட கண்ணீர் அஞ்சலிப் பனரைக் கண்டு நின்றார். பனரைப் பார்த்தார். குனிந்து தன் வயிற்றைத் தடவிப் பார்த்தார். திரும்பவும் பனரைப் பார்த்தார். உள்ளேயிருந்து ஆரோ கைதட்டிக் கூப்பிட, இதோ வாறன் என்று தலையை ஆட்டிவிட்டுக் கதிரைகளோடு ஓடிப்போனார்.

பத்துத்தரம் பார்த்தாலும் சிரிப்பு வருகிற இடம். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே நல்லதம்பி அண்ணன் என் முதுகுக்குப் பின்னால், என் ஸ்ரூடியோக் கடைக்கு வருகிறவர்கள் இருக்கிற கதிரையில், முழங்காலில் போனை வைத்து அதையே பார்த்தபடி இருந்தார். புதன்கிழமை பகல். வெளியே செங்கலடிச் சந்தியில் பதுளை பஸ்காரன் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"வட்சப்பில ஒற்றைச் சரிதான் கிடக்கு புள்ள," என்றார். "அனுப்பினது இன்னும் போய்ச் சேரல்ல."

திங்கட்கிழமையிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். போய்ச் சேரவேண்டிய இடம் குவைத். சேரவேண்டிய ஆள் அவருடைய பெண்சாதி யோகம் அக்கா. அங்கே ஒரு வீட்டில் வேலைக்கு நிற்கிறா. புருஷன் செத்துப்போனார் என்று அவவுக்குச் செய்தி போய்விட்டது. சாகவில்லை என்று சொல்லத்தான் வழி இல்லை. இந்த அநியாயத்தைச் செய்தது வேறு ஆருமில்லை, நான்தான்.

சிரிக்காத முகம்

கொம்மாதுறையிலிருந்து செங்கலடி வரைக்கும் நல்லதம்பி அண்ணனைத் தெரியாத ஆள் இல்லை. கதிரை, தறப்பாள், மின்குமிழ் எல்லாம் வாடகைக்குக் கொடுத்துப் பந்தல் போடுகிறவர். நல்லதுக்கும் அவர், கெட்டதுக்கும் அவர். செத்தவீடென்று செய்தி வந்தால் பெட்டி வருமுன்னே அவர் வந்துவிடுவார். அரை மணித்தியாலத்தில் தறப்பாள் ஏறும், கதிரை வரிசையாகும், ஒழுங்கை வாசலில் வெள்ளைக்கொடி ஆடும். வேலை இல்லாத நாளில் ஆற்றில் வலை வீசப் போய்விடுவார்.

மனிதருக்கு நீட்டு முகம். அந்த முகத்தில் சிரிப்பு வராது, பார்க்கிறவனுக்குத்தான் வரும். ஒருமுறை சித்தாண்டியில் ஒரு செத்தவீட்டு முற்றத்தில் அண்ணனும் தம்பியும் காணிக்கதை கதைத்துக் கையை ஓங்கிக்கொண்டு நின்றார்கள். விலக்கப் போனவனுக்கும் அடி விழுகிற நிலைமை. நல்லதம்பி அண்ணன் வாயே திறக்கவில்லை. இரண்டு கதிரையைக் கொண்டுவந்து, இரண்டு பேருக்கும் பின்னால், முழங்கால் மடிப்பில் முட்டும்படி மெல்லத் தள்ளினார். இரண்டு பேரும் தங்களை அறியாமலே இருந்துவிட்டார்கள். இருந்துகொண்டு எப்படிக் கைகலக்கிறது. அத்தோடு சண்டை முடிந்தது.

அதை நான் கமராவுக்குள்ளால் பார்த்தேன். ஓம், செத்தவீட்டையும் படம் பிடிக்கிறோம். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் கேட்கிறார்கள், பிடிக்கிறோம். போன கிழமை இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு, கலியாண வீடியோ எடுக்கிற பொம்பிளைக்கு என்ன சுயசரிதை வேண்டிக் கிடக்கு என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். ஐயா, முப்பது வருஷமாக இந்த ஊர் அழுததையும் சிரித்ததையும் நான் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்திருக்கிறேன். உங்களுக்கு விருப்பமில்லையென்றால் அடுத்த பக்கத்தில் இராசிபலன் இருக்கிறது, புரட்டுங்கோ.

சத்தத்தைக் குறைத்துவிட்டு

வந்தாறுமூலைப் பக்கத்தில் கலைப்பைத்தியம் பிடித்த பிள்ளைகள் சிலர் சேர்ந்து ஒரு போட்டி வைத்தார்கள். ஐந்து நிமிடப் படம். கறுப்பு வெள்ளை. பேச்சுக் கூடாது. பார்க்கிறவர்கள் சிரிக்கவேண்டும். வியாழக்கிழமை பின்னேரத்துக்குள் கொடுத்துவிடவேண்டும்.

கடையில் நோட்டீஸ் ஒட்ட வந்த பிள்ளை என்னைப் பார்த்து, அன்ரி, இது உங்களுக்குச் சரிவராது, நீங்க பாட்டுப் போட்டுத்தானே படம் செய்யிற என்றாள். எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சரிவருமா வராதா என்று பார் என்று சொல்லிப் பெயரைக் கொடுத்துவிட்டேன். வாயால் கெடுகிறது எங்கள் பரம்பரைக் குணம்.

ஊமைப்படம் எனக்குப் புதிது இல்லை. சண்டை நடந்த அந்தப் பிரச்சினைக் காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு சின்ன டீவி இருந்தது. கரண்ட் கிடையாது, அப்பா உழவு மெஷின் பற்றறியைக் கழற்றிக்கொண்டு வந்து பூட்டுவார். மைமல் பட்டு இருட்டினால் சத்தம் வைக்கக் கூடாது. றோட்டால் போகிறவர்கள் ஆர், எந்த மனநிலையில் போகிறார்கள் என்று தெரியாது. சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுத்தான் எல்லாப் படமும் பார்த்தோம். பாட்டுப் படத்தை அப்படிப் பார்த்தால் விசர் பிடிக்கும்.

பிறகு அப்பா எங்கேயோ தேடி ஒரு கசெற் கொண்டுவந்தார். முழுக்கப் பழைய ஊமைப் பகிடிப் படங்கள். ஒருவன் நீட்டுப் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்புவான், பின்னால் வந்தவன் சேற்றில் விழுவான். எழும்பி வருவான், திரும்பவும் விழுவான். அதில் கேட்க ஒன்றுமே இல்லாதபடியால் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. சிரிக்கிறதுதான் கஷ்டம். தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தோம்.

ஒருநாள் என் தங்கச்சி அடக்கமுடியாமல் வீரிட்டுச் சிரித்துவிட்டாள். அம்மா டீவியை அணைத்துவிட்டு எங்களைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினா. வெளியே நாய் குரைத்தது, சப்பாத்துச் சத்தம் வந்தது, படலையடியில் நின்றது, பிறகு போனது. பகிடிப் படம் என்றால் எனக்கு இன்றைக்கும் முதலில் காது படலைப் பக்கம் போகும், அதற்குப் பிறகுதான் சிரிப்பு வரும்.

பனர் இல்லாமல் சாவு தெரியாது

கதை நல்லதம்பி அண்ணனுடைய தொழிலிலேயே இருந்தது. பந்தல்காரன் ஒருவன் செத்தவீட்டுக்குக் கதிரை கொண்டுபோகிறான். போய்ப் பார்த்தால் செத்தது அவன்தான். ஆனால் ஆருக்கும் அவனைக் கவனிக்க நேரமில்லை. பிளேன்ரீக்குச் சீனி காணாது என்று ஏசுகிறார்கள், வெத்திலைத் தட்டத்தை இங்கே கொண்டுவா என்கிறார்கள். அவனும் ஓடி ஓடி வேலை செய்கிறான். கடைசியில் களைத்துப்போய் இருக்க இடம் தேடினால் எல்லாக் கதிரையிலும் ஆள். பெட்டி மட்டும் வெறுமையாக இருக்கிறது. போய்ப் படுத்துக்கொள்கிறான்.

சொன்னதும் நல்லதம்பி அண்ணன் அதே நீட்டு முகத்தோடு, "என்ட கதைதானே புள்ள இது," என்றார். அவ்வளவுதான். நடிக்க ஒப்புக்கொண்டுவிட்டார்.

ஒரு சிக்கல் இருந்தது. செத்தது இவன்தான் என்று பேச்சில்லாமல் எப்படிச் சொல்வது? பழைய படங்களில் நடுவிலே ஒரு அட்டையில் எழுத்துப் போடுவார்கள். எனக்கு அது பிடிக்காது, சிரித்துக்கொண்டிருக்கிறவனைப் பிடித்துப் பாடம் வாசிக்க வைக்கிற வேலை. எங்கள் ஊரில் அதற்கு அவசியமும் இல்லை. ஒருவர் செத்தால் பனர்தானே முதலில் சொல்கிறது. ஒழுங்கை வாசலில் ஆளுயரத்துக்குப் படம் போட்ட பனரைக் கட்டினால் கண் தெரியாதவனுக்கும் விளங்கும்.

பனர் அடிக்கிறது என் கடைத் தொழில். கலியாண அல்பம் ஒரு பக்கம், கண்ணீர் அஞ்சலி ஒரு பக்கம். நல்லதம்பி அண்ணனின் படம் அடையாள அட்டைக்கு எடுத்தது கணினியில் கிடந்தது. உயிரோடு இருக்கிற மனிசனின் படத்தை அதில் போட எனக்கு மனம் கூசியது. வேறு பெயராவது போடுவோமா என்று கேட்டேன். என்னத்துக்கு, செத்ததாகக் கதை வந்தால் ஆயுசு கூடும் என்றார் அவர். எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்கிற கதைதான். நானும் சரியென்று விட்டுவிட்டேன். இன்றைக்கு நினைத்தால் என் தலையில் நானே குட்டவேண்டும்போல இருக்கிறது.

கைப்பழக்கம்

சனிக்கிழமை பின்னேரம் நாலு மணியிருக்கும். பனரைச் செய்து முடித்தேன். நான் ஒரு வேலையை அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. பெயர், ஊர், "துயருறும் மனைவி, மகள், மருமகன்" எல்லாம் ஒழுங்காகப் போட்டேன். மூலையில் விளக்குப் படம்கூடப் போட்டேன்.

இனி, என் கடை வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். அஞ்சலிப் பனர் எதைச் செய்தாலும், மெஷினில் அடிக்கக் கொடுக்குமுன்பே அதைக் கடையின் முகநூல் பக்கத்தில் போட்டுவிடுவேன். கனடாவில், லண்டனில், அரபு நாட்டில் இருக்கிற எங்கள் ஆட்கள் ஊர்ச் சாவை அந்தப் பக்கத்தில்தான் பார்ப்பார்கள். செத்தவீட்டுக்காரரே, அக்கா கெதியாப் போடுங்க, சொந்தக்காரர் பாக்கணும் என்று கேட்பார்கள். பத்து வருஷமாகச் செய்கிற வேலை. சேமிக்க ஒரு அழுத்து, முகநூலுக்கு ஒரு அழுத்து. மனம் எங்கேயோ நிற்கும், விரல் தன் வேலையைப் பார்க்கும்.

அன்றைக்கும் விரல் தன் வேலையைப் பார்த்துவிட்டது.

எனக்குத் தெரியவே இல்லை. பனர் மெஷினில் இறங்குகிறதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், கறுப்பு நன்றாக விழுந்திருக்கிறதே என்று சந்தோஷம் வேறு. நாற்பது நிமிடம் கழித்துக் கனடாவிலிருந்து ஒரு அக்கா எடுத்து, நல்லதம்பி எப்ப புள்ள மோசம் போன, வருத்தம் ஏதுமா என்று கேட்டா. ஓடிப்போய் அழித்தேன். அதற்குள் பதினேழு பேர் கைகூப்பியிருந்தார்கள்.

நல்லதம்பி அண்ணனுக்குச் சொன்னேன். ஆயுசு இன்னும் கூடிற்று என்றார். யோகம் அக்காவைப் பற்றி இரண்டு பேருக்கும் நினைவே வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. ஆனால் அவவின் போன் கிழமை முழுக்க வேலை வீட்டு எசமானியின் கையில் இருக்கும், மடம் என்றுதான் அவவைச் சொல்வது, வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு மணித்தியாலம் கொடுப்பா. வெள்ளிக்கு இன்னும் ஆறு நாள். அவ காணமாட்டா என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம்.

சொல்லாமல் போனவர்

ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் அவருடைய வளவிலேயே படம் பிடித்தோம். அயலாட்கள் எல்லாரும் வந்து அழுதார்கள், அழுகிறமாதிரிச் சிரித்தார்கள். பெட்டிக்குள் படுத்த நல்லதம்பி அண்ணன் குறட்டை விட்டுத் தூங்கியே விட்டார். அப்படி ஒரு நாள் எனக்குக் கனகாலமாக வாய்க்கவில்லை.

திங்கள் காலை வாழைச்சேனையிலிருந்து ஒருவர் சீனி இரண்டு கிலோ, தேயிலைப் பக்கெற்றோடு அவர் வீட்டுப் படலையைத் தட்டினார். பழைய கூட்டாளி, முகநூலைப் பார்த்தவர். படலையைத் திறந்தது செத்தவர். மனிசன் சீனியைக் கீழே வைத்துவிட்டு வேலியைப் பிடித்துக்கொண்டார். பிறகு இரண்டு பேரும் கட்டிப்பிடித்துச் சிரித்து, அந்தச் சீனியிலேயே தேத்தண்ணி குடித்தார்கள். வந்தவர் எழும்பி, செருப்பைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். செத்தவீட்டுக்குப் போனால் போயிற்று வாறன் என்று சொல்லக் கூடாதே. அவர் அந்த நினைப்பிலேயே வந்தவர், அதே நினைப்பில் போய்விட்டார்.

அதை என்னிடம் சொல்லும்போதுதான் முதல்முதலாக நல்லதம்பி அண்ணனின் முகத்தில் ஒரு வாட்டத்தைக் கண்டேன். "அவன் சொல்லாமப் போயிற்றான் புள்ள," என்றார். நான் சிரித்து மழுப்பினேன். உள்ளுக்குள் எனக்கும் சுருக்கென்றது.

பத்து மணிக்கு அவருடைய போன் அடித்தது. குவைத் நம்பர். யோகம் அக்காவின் சித்தப்பா மகள் பாக்கியம், அங்கேயே வேறொரு வீட்டில் வேலை செய்கிறவள், சொந்தமாகப் போன் வைத்திருக்கிறவள். ஆர் கதைக்கிற என்று கேட்டாள். நான்தான் நல்லதம்பி என்றார் இவர். பெயரைத் திரும்பவும் சொல்லச் சொன்னாள். பிறகு பாக்கியம் பெரிதாக அழத் தொடங்கினாள்.

அந்த நாற்பது நிமிடத்துக்குள் பாக்கியம் பனரைப் பார்த்திருக்கிறாள். பார்த்த கையோடு யோகம் அக்காவின் மடத்துக்கு எடுத்து, அவவின் கையில் போனைக் கொடுக்கச் சொல்லி, அக்கா, அத்தான் போயிற்றார் என்று சொல்லியிருக்கிறாள். யோகம் அக்கா ஒரு சொல்லும் சொல்லவில்லையாம். கொஞ்ச நேரத்தில் மடம் போனை வாங்கி வைத்துவிட்டாவாம். அதற்குப் பிறகு பாக்கியம் எத்தனைதரம் எடுத்தாலும் அந்த நம்பர் எடுபடவில்லை. செத்தவீட்டுக்காரரைக் கரைச்சல்படுத்தக் கூடாது என்று இரண்டு நாள் பொறுத்துத்தான் எங்களுக்கு எடுத்தாளாம்.

ஒற்றைச் சரி

நானும் எடுத்துப் பார்த்தேன். நல்லதம்பி அண்ணனும் எடுத்தார். மடம் தெரியாத நம்பரை எடுக்கமாட்டா. அனுப்பிவிட்ட ஏஜென்ற்காரர், வெள்ளி வரைக்கும் பொறுங்க, இதுக்கெல்லாம் அந்த வீட்டைக் கரைச்சல்படுத்தேலாது என்றார். இதுக்கெல்லாம். அந்தச் சொல்லுக்கு நான் போனிலேயே அவரைக் கிழித்துவிட்டேன். கிழித்து என்ன, காரியம் ஆகவில்லை.

கடைசியில் ஒரு வீடியோ எடுத்து யோகம் அக்காவின் நம்பருக்கு அனுப்புவோம் என்று தீர்மானித்தோம். போன் கைக்கு வந்த உடனே பார்ப்பா. அன்றைய பேப்பரைக் கையில் கொடுத்து நல்லதம்பி அண்ணனைச் சுவரோடு நிறுத்தினேன். முதல்நாள் கமராவுக்கு முன்னால் குரங்கு வேலை எல்லாம் செய்த மனிசன், யோகம் என்று தொடங்கினார், அதற்கு மேல் வரவில்லை. ஆறுதரம் எடுத்தோம். ஏழாவது தரம், "யோகம், நான் சாகல்ல. வீட்டதான் நிக்கன்," என்று சொல்லி முடித்தார். அனுப்பினேன். ஒற்றைச் சரி விழுந்தது. அதோடு நின்றது.

அன்று தொடங்கி அவர் என் கடையிலேயே இருந்தார். வந்த வேலைகளை எல்லாம் விட்டுவிட்டார். சாப்பிடச் சொன்னால் இரண்டு வாய் தின்றுவிட்டு வைத்துவிடுவார். களுதாவளையில் கட்டிக்கொடுத்த மகள் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு எடுத்து அழுதாள். நான் பிள்ளையாரைக் கும்பிடுகிறவள் இல்லை, மெதடிஸ்ற் கோயில்காரி. கடைப் பின்னறைக்குள் போய், ஆண்டவரே, என் விரலுக்காக அந்த மனிசியைத் தண்டிக்காதேயும் என்று முழங்காலில் நின்றேன்.

எங்களைத் தின்றது ஒரே கேள்விதான். புருஷன் செத்தான் என்று கேள்விப்பட்ட ஒருத்தி ஏன் வீட்டுக்கு ஒரு அழைப்பும் எடுக்கவில்லை? மடத்திடம் கெஞ்சிக் கேட்டிருக்கலாம். மகளுக்காவது எடுத்திருக்கலாம். பிரஷர் இருக்கிற உடம்பு, விழுந்துவிட்டாவோ. அதற்கு மேலே நாங்கள் இரண்டு பேரும் வாயால் சொல்லவில்லை. புதன்கிழமை அவரே சொன்னார்.

"அஞ்சாம் மாடி புள்ள," என்றார். "யன்னல் துடைக்கிறதும் அவட வேலைதான்."

நான் படத்தை நிறுத்திவிட்டேன். அவர்தான், வெட்டு புள்ள, நீ சும்மா இருந்தா எனக்கு இன்னும் பயமா இரிக்கி என்றார். வெட்டினேன். திரையில் அவர் தன் பெட்டிக்குப் பக்கத்தில் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு ஓடினார், பின்னால் மூச்சுவிட்டுக்கொண்டு இருந்தார். அப்படி ஒரு பாவப்பட்ட வேலையை என் சீவியத்தில் செய்ததில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் போட்டிப் பிள்ளைகள் எடுத்தார்கள். கணினி பழுது என்று பொய் சொன்னேன். படம் முடிந்து கணினிப் பெட்டியில் கிடந்தது. நான் கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை

அங்கே தொழுகை முடிந்து, சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, அதற்குப் பிறகுதான் போன் கைக்கு வரும். எங்கள் நேரம் நாலரை ஆகும். நாங்கள் பன்னிரண்டு மணிக்கே போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டோம். கடைக்கு வந்த ஒரு மாப்பிள்ளைப் பொடியனை நாளைக்கு வா என்று விரட்டினேன்.

நாலரைக்குக் கொஞ்சம் முன்னால் ஒற்றைச் சரி இரட்டையானது. மறுகா நீலமானது. அவ பார்த்துவிட்டா. அவ இருக்கிறா. நான் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதுவிட்டேன்.

ஆனால் அழைப்பு வரவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், கால் மணித்தியாலம். நல்லதம்பி அண்ணனுக்கு எடுக்கப் பயம். விரல் போனுக்குக் கிட்டப் போகும், திரும்பி வரும். நான் பறித்து எடுத்தேன். யோகம் அக்கா எடுத்தா.

"புள்ள," என்றா. அழுகை இல்லாத குரல். அது எனக்கு இன்னும் பயத்தைத் தந்தது. "வீடியோ கண்டன். நல்லாத்தான் செய்திரிக்காய். என்னை ஏமாத்தாத. அவர் என்னெண்டு செத்த எண்டு மட்டும் சொல்லு."

ஏன் நம்பவில்லை என்று உடனே விளங்கியது. அவவின் மகள் கலியாணத்துக்கு யோகம் அக்காவால் வரமுடியவில்லை. அல்பத்தில் தாய் இல்லாமல் எப்படி என்று, பழைய படம் ஒன்றிலிருந்து அவவை வெட்டி எடுத்து, நீலச் சேலையோடு மணமகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினது நான். சுவரில் நிழல்கூட விழுத்தினேன். பார்த்துவிட்டு, நான் அங்க நிண்டமாதிரியே இரிக்கி என்று சந்தோஷப்பட்டவ. என் கை என்னவெல்லாம் செய்யும் என்று அவவுக்குத் தெரியும்.

வீடியோ அழைப்பைப் போட்டு அண்ணனுக்கு நேரே பிடித்தேன். யோகம் என்றார். அவ அதைக் கேட்கவில்லை. அவரை வெளிய போகச் சொல்லு புள்ள என்றா. போனார். நடக்கச் சொல்லு. நடந்தார். திரும்பச் சொல்லு. குந்தி எழும்பச் சொல்லு. செங்கலடிச் சந்தியில், சந்தைக்கு வந்த சனத்துக்கு நடுவில், நல்லதம்பி அண்ணன் குந்தினார், எழும்பினார், கையைத் தூக்கினார். ஓட்டோக்காரர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். நான் போனைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டு பின்னால் போனேன்.

"அந்தப் பச்சைச் சட்டை நான் அனுப்பினது," என்றா யோகம் அக்கா. கொஞ்சம் பொறுத்து, "வெளிறிப் போயிற்று. தோய்க்கத் தெரியாமத் தோய்ச்சு வச்சிரிக்கார்," என்றா. அதற்குப் பிறகுதான் அவவுக்கு அழுகை வந்தது. அப்படி ஒரு அழுகை.

கடைக்குள் வந்தோம். நடந்ததைச் சொன்னா. சனிக்கிழமை அந்த வீட்டில் விருந்து. கண் வீங்கினால் மடம் கேட்பா என்று குளியலறையில் தண்ணியைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறா. மறுகா வந்து பாத்திரம் கழுவியிருக்கிறா. ஏன் எங்களுக்கு எடுக்கவில்லை என்று அண்ணன் கேட்டார்.

"எடுத்தா நீங்க எடுக்கமாட்டீங்க," என்றா. "மறுகா ஆருக்கு எடுக்கிற?"

நான் மன்னிப்புக் கேட்டேன். என் கைதான் அக்கா, நான்தான் என்றேன். ஏசுவா என்று காத்திருந்தேன். ஏசினால் எனக்கு நல்லாக இருந்திருக்கும். அவ என்னைக் கவனிக்கவே இல்லை. தலையில் போட்டிருந்த துணியை விலக்கிக் கழுத்தைக் காட்டினா. வெறும் கழுத்து.

"சனிக்கிழமையே கழட்டிற்றன்," என்றா. "நான் அவசரப்பட்டிற்றன். நாலைஞ்சு நாள் பொறுத்திரிக்கலாம். உங்களுக்கு ஒண்டும் ஆகாதுதானே?"

நல்லதம்பி அண்ணன் கதிரையை இழுத்து மெல்ல இருந்தார். பிறகு, ஒண்டும் ஆகாது, எடுத்துக்கொண்டு வா, இப்பவே கட்டு, நான் பாத்துக்கொண்டு நிக்கன் என்றார். சூட்கேசுக்குள்ள வச்சிரிக்கன் என்று சொல்லி, போனைக் கட்டிலில் வைத்துவிட்டு அவ எழும்பிப் போனா. எங்களுக்குத் தெரிந்தது ஒரு வெள்ளைக் கூரையும் சுற்றாத ஒரு காற்றாடியும்தான். சூட்கேஸ் திறக்கிற சத்தம் கேட்டது. ஆரோ அரபியில் கூப்பிட்டார்கள். ஒரு கை வந்து திரையை மூடியது. அழைப்பு அறுந்துவிட்டது.

திரும்ப எடுத்தோம். ஒற்றைச் சரி.

கட்டினாவா இல்லையா என்று அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. அந்தக் கிழமை முழுக்க நல்லதம்பி அண்ணன் ஒரு பந்தலிலும் ஏறவில்லை. ஆற்றுப் பக்கமும் போகவில்லை, றோட்டைக் கடக்கிறதென்றாலும் ஆளைப் பிடித்துக்கொண்டு கடந்தார். கேட்டவர்களுக்கு முழங்கால் நோகுது என்று சொன்னார்.